மூளை ஒரு முடிவுக்கு வருவதை நேரடியாகப் பார்க்க முடியுமா?

ஓரளவுக்குப் பார்த்திருக்கிறார்கள், குரங்குகளிடம். அதற்குக் கைகொடுத்தது கண் அசைவு. விழித்திருக்கும்போது நம் பார்வை நொடிக்குச் சுமார் மூன்று முறை தாவுகிறது. அடுத்து எங்கே பார்ப்பது என்பதே ஒரு முடிவுதானே! அதை மில்லிவினாடிக் கணக்கில் அளக்கவும் முடியும்.

சோதனை இப்படி: திரையில் புள்ளிகள் தாறுமாறாக மினுங்கும். அவற்றில் சில மட்டும் சேர்ந்து இடப்பக்கமோ வலப்பக்கமோ நகரும். எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து, அந்தப் பக்கத்துக் குறியைக் குரங்கு பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் ஒரு சொட்டு ஜூஸ். சேர்ந்து நகரும் புள்ளிகளைக் குறைத்துக்கொண்டே போனால் குரங்கு திணறும், நாமும் திணறுவோம்.

மூளையில் அசைவைக் கவனிப்பது எம்.டி. (MT) என்ற பகுதி. அங்குள்ள பெரும்பாலான நியூரான்களுக்கு, அதாவது நரம்பு செல்களுக்கு, பிடித்த திசை ஒன்று உண்டு; அந்தத் திசை அசைவுக்கு அதிகம் துடிக்கும். ஒரே திசைக்காரர்கள் பக்கம் பக்கமாக இருப்பார்கள். 1990இல் ஸ்டான்ஃபோர்டில் சால்ஸ்மன், பிரிட்டன், நியூசம் மூவரும் அப்படி ஒரு கூட்டத்துக்கு 10 மைக்ரோஆம்பியர் மின்சாரம் கொடுத்தார்கள். திரையில் எதையும் மாற்றவில்லை; குரங்கின் பதில் அந்த நியூரான்களின் திசைப் பக்கம் சாய்ந்தது. இந்தத் துறையில் இதைவிட அழகான சோதனையை நான் படித்ததில்லை.

எல்.ஐ.பி. (LIP) என்ற இன்னொரு மூளைப் பகுதியின் கதை வேறு. புள்ளிகளைப் பார்க்கப் பார்க்க அங்கே நியூரான்களின் துடிப்பு படிப்படியாக ஏறுகிறது. அசைவு தெளிவாக இருந்தால் வேகமாக, மங்கலாக இருந்தால் மெதுவாக. ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்டதும், ஏறக்குறைய 70 மில்லிவினாடியில் கண் தாவிவிடுகிறது. 2002இல் ராய்ட்மனும் ஷேட்லனும் இதைக் காட்டியபோது, சாட்சியங்கள் சேர்ந்து முடிவாகும் இடமே இதுதான் என்று பலரும் நம்பினார்கள்.

அங்கேதான் சிக்கல். 2016இல் கட்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் எல்.ஐ.பி.யை மருந்து கொண்டு தற்காலிகமாக முடக்கினார்கள். முடிவுகள் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. எம்.டி.யை முடக்கியபோதோ குரங்கு தடுமாறியது. ஒரு நியூரான் முடிவோடு சேர்ந்து துடிப்பதாலேயே அதுதான் முடிவெடுக்கிறது என்று ஆகிவிடாது. நியூரான் துடிப்பின் பதிவுகளை மட்டும் காட்டி 'முடிவெடுக்கும் பகுதி' என்று எழுதும் செய்திகளை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். ஆனால் எல்.ஐ.பி.யை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது: 2019இல் சிகாகோவில் அதே பகுதியை முடக்கிப் பார்த்தபோது, பார்த்ததை எடைபோடுவதில் குரங்குகள் பிசகின.