412, 256, 222: இரண்டு சிற்றூர்களுக்கு இடையே எத்தனை தூரம்?

கேள்வி: ஒதுக்குப்புறமான இரண்டு சிற்றூர் விமான நிலையங்களுக்கு இடையே வான்வழித் தூரம் தேடினேன். ஓரிடத்தில் 412, இன்னோரிடத்தில் 256, மற்றோரிடத்தில் 222 என்று இருக்கிறது. டிக்கெட்டோ ஐந்து மணி நேரப் பயணம் என்கிறது. எதை நம்புவது?

பதில்: நான்கையும் நம்பலாம். 412 கிலோமீட்டர்தான் 256 மைல். அதுவேதான் 222 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., சாதாரண மைல் 1.609 கி.மீ. விமானிகளின் கணக்கு கடல் மைலில்தான். அலகை விழுங்கிவிட்டு எண்ணை மட்டும் போட்டவர்கள்மேல்தான் குற்றம்.

இது பெருவட்டத் தூரம். அதாவது உருண்டைப் பூமியின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி. தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் இது பிடிபடாது. 60 பாகை வட அட்சரேகையில், தீர்க்கரேகைக் கணக்கில் 90 பாகை விலகி நிற்கும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அட்சரேகையை ஒட்டியே கிழக்கே போனால் சுமார் 5,000 கி.மீ. வடக்கே ஏறத்தாழ 68 பாகை வரை வளைந்து போய் இறங்கினால் 4,600 கி.மீ.தான்! உங்கள் 412 கிலோமீட்டரில் இந்த வேறுபாடு அற்பம். பறக்கும் உயரத்தையும் மறந்துவிடலாம், 10 கி.மீ. உயரத்தில் 1,000 கி.மீ. பறந்தால் கூடுவது ஒன்றரை கி.மீ.

சிறு நிலையங்களில் தப்பு நேர்வது வேறிடத்தில். 45 பாகை 30 கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்குதான் கலை) என்றால் 45.5. அதை 45.30 என்று தூரம் கணக்கிடும் தளத்தின் அட்சரேகைக் கட்டத்தில் தட்டினால் நிலையம் 22 கி.மீ. நகர்ந்துவிடும். ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால் பெயரைவிடக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். மூன்றெழுத்துக் குறியீடு இல்லாத நிலையத்துக்கு நான்கெழுத்துக் குறியீடு இருக்கக்கூடும்.

ஐந்து மணி நேரத்துக்கு வருவோம். நேரடி விமானம் இருந்தால், மணிக்கு 500 கி.மீ. போகும் டர்போபிராப் என்ற விசிறி விமானத்தில் வானில் ஐம்பது நிமிடம், ஓடுபாதை வரை ஊர்வது, ஏறுவது, இறங்குவதோடு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். உங்கள் டிக்கெட் பெரும்பாலும் ஒரு பெருநகர் வழியாக இருக்கும். முதல் கட்டம் 600, அடுத்தது 700 என்றால் பறப்பது 1,300 கி.மீ.; மிச்ச நேரம் காத்திருப்பில் போகிறது. நேரடி விமானமும் கோடு போட்டதுபோல் பறப்பதில்லை. ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு கார்பன் கணக்குக்காக 550 கி.மீ.க்கு உட்பட்ட பயணங்களின் தூரத்தோடு 50 கி.மீ. சேர்த்துக்கொள்கிறது.

அதற்காக 412ஐத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி விமானத் தாமதத்துக்கு இழப்பீடு கேட்டால், ஒரே முன்பதிவில் இணைப்பு விமானம் பிடித்து 1,300 கி.மீ. சுற்றியிருந்தாலும், கணக்கில் வருவது புறப்பட்ட இடத்துக்கும் போய்ச் சேரும் இடத்துக்கும் இடையிலுள்ள அந்த 412 மட்டுமே.