கல்ச்சர் ரிப்போர்ட்டில் மில்லிமீட்டர் அதிகமாக இருக்கும் மருந்துதானே நல்ல மருந்து?

அம்மாவின் சிறுநீர் கல்ச்சரில் ஈ.கோலை என்ற பாக்டீரியா வந்திருக்கிறது, சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 24 மி.மீ., நைட்ரோஃப்யூரன்டாயினுக்கு 18 மி.மீ.; ஆனால் டாக்டர் 18 உள்ளதை எழுதிவிட்டார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டர் எழுதியதுதான் சரி. மைக்ரோபயாலஜி லேபில் வேலை செய்கிறேன், இந்தக் கேள்வி எங்களிடம் அடிக்கடி வரும்.

முதலில் கிருமியை உப்புநீரில் கலந்து, மெக்ஃபார்லண்ட் 0.5 என்ற கலங்கல் அளவுக்குக் கொண்டுவருவோம். அதைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு, முல்லர் ஹின்டன் அகார் (கிருமி வளர்க்கும் ஜெல்லி போன்ற ஊடகம்) தட்டில் இடைவெளி விடாமல் தேய்ப்போம். மேலே மருந்து ஏற்றிய சின்னச் சின்னக் காகித வில்லைகள். 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் வைத்தால், மருந்து அகாருக்குள் பரவி, கிருமி வளராத வட்டம் ஒன்று தெரியும். அதன் விட்டத்தைத்தான் அளக்கிறோம். அகார் 4 மி.மீ. தடிமனுக்கு ஊற்றியிருக்க வேண்டும். மெலிந்துபோனால் வட்டம் பொய்யாகப் பெரிதாகிவிடும்.

இந்த முறையை பாவரும் கிர்பியும் மற்ற இருவரும் 1966-இல் ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சிப்ரோ வில்லையில் இருப்பது 5 மைக்ரோகிராம், நைட்ரோஃப்யூரன்டாயின் வில்லையில் 300. அகாரில் ஒவ்வொரு மருந்தும் பரவும் விதமும் வேறு. அதனால் ஒரு மருந்தின் வட்டத்தை இன்னொன்றின் வட்டத்தோடு ஒப்பிடவே கூடாது. அந்தந்த மருந்துக்கென்று உள்ள எல்லையோடுதான் பார்க்க வேண்டும். நாங்கள் பார்க்கும், லேப் பரிசோதனைகளுக்குத் தரநிலை வகுக்கும் அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பின் அட்டவணைப்படி ஈ.கோலைக்கு நைட்ரோஃப்யூரன்டாயின் 17 இருந்தாலே 'எஸ்', அதாவது மருந்து கேட்கும். சிப்ரோவுக்கு 26 வேண்டும். 22 முதல் 25 வரை 'ஐ', இடைநிலை. 2019-க்கு முன்பு சிப்ரோவுக்கு 21 இருந்தாலே 'எஸ்'. அதே 24-ஐப் பழைய அட்டவணை வைத்திருக்கும் லேப் இன்றும் 'எஸ்' என்றே எழுதும். எந்த ஆண்டு அட்டவணை என்று லேபில் தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம், 'எஸ்' இருந்தால் மட்டும் போதாது, மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போக வேண்டும். நைட்ரோஃப்யூரன்டாயின் சிறுநீரில்தான் செறிவாகச் சேரும், ரத்தத்திலும் திசுக்களிலும் போதுமான அளவு நிற்காது. சிறுநீர்ப்பை தொற்றுக்கு அருமையான மருந்து. குளிர்காய்ச்சலும் விலாவலியுமாகத் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் தட்டில் எவ்வளவு பெரிய வட்டம் வந்தாலும் உதவாது. அம்மாவுக்கு அப்படி ஏதாவது தொடங்கினால் மாத்திரை முடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஏற்கெனவே கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) அதிகம் என்றால் அதையும் இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.