உம் கொட்ட ஓர் ஆள்

அன்புள்ள அண்ணா,

நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு மூன்று. மகன் யூரியூப்பில் கார்ட்டூன் நிறையப் பார்க்கிறான். அந்தக் கதையைச் சொல்லடா என்றால், “இவன் வந்து, அவன அடிச்சு, டிஷ்யூம், பிறகு அது வெடிச்சிட்டு” என்கிறான். இவன் யார், எங்கே, ஏன் அடித்தான், ஒன்றும் வராது. போனை அடியோடு நிறுத்திவிடவா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மகன் சொன்ன அந்த வரியைப் பல தடவை வாசித்தேன். அடியும் வெடியும் வரிசை தப்பாமல் வருகின்றன. பெயரும் இடமும் காரணமும்தான் விடுபட்டிருக்கின்றன. திரையில் அவை கண்முன்னே நிற்பவை. காடா கடலா என்று சொல்லும் வேலையைப் படமே செய்துவிடுவதால், அது தன் வேலை என்று அவனுக்கு இன்னும் தெரியாது.

1980களில் அமெரிக்காவில் உளவியலாளர் பற்றீசியா கிறீன்ஃபீல்டும் சகாக்களும் பிள்ளைகளுக்குக் கதைகளை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கொடுத்து, முடிவதற்கு முன் நிறுத்தி, மிச்சத்தைச் சொல்லச் சொன்னார்கள். காதால் மட்டும் கேட்டபோதுதான் பிள்ளைகள் புதிய விஷயங்களைக் கூடுதலாகச் சேர்த்தார்கள்.

மகள் சின்னவள். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம், உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கதை சொல்லுங்கள் என்று உலக சுகாதார அமைப்பு 2019 இல் சொன்னது. அவள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்.

மகனிடம் போனைப் பறிக்க வேண்டாம். அவனுக்கு உம் கொட்ட ஓர் ஆள் வேண்டும். நாங்கள் உம் கொட்டாவிட்டால் எங்கள் அம்மம்மா கதையை அப்படியே நிறுத்திவிடுவா. போன் நிறுத்தாது, பிள்ளை தூங்கிப்போனாலும் அடுத்த வீடியோ ஓடும். பேசுவதையே கதைப்பது என்கிற ஊர்க்காரர் நாங்கள், பிள்ளையின் கதைக்குக் காது கொடுக்க நேரமில்லை என்று இருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

கார்ட்டூனைப் பார்க்காத ஒருவரிடம் அவன் அதைச் சொல்லட்டும். “ஆர் அடிச்சது? எங்க வச்சு?” என்று மட்டும் கேளுங்கள். திருத்தாதீர்கள்.

அப்புறம், ஒரு ஞாயிறு அவனை அப்பாவோடு கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அனுப்புங்கள். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் நிலத்தைக் குத்தித் தண்ணீர் எடுத்த கதையை அப்பா வழியில் சொல்லட்டும். ஏழு கிணற்றிலும் சூடு ஒன்றுபோல் இராது. ஒவ்வொன்றிலும் வாளியால் அள்ளி ஊற்றிப் பார்க்கட்டும். படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் வீட்டிலேயே இருங்கள். எந்தக் கிணற்றில் சூடு கூட என்று அவன் வந்துதான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.