'Neelam' திறக்கிறது, 'செந்தூரா' திறக்கவில்லை

கேள்வி: மாம்பழ ஆர்டருக்கு நானே தளம் எழுதினேன். ரகத்தின் பெயரை பேஸ்64 (எதையும் ஆங்கில எழுத்து, எண், சில குறிகளாக மாற்றி எழுதும் முறை) ஆக்கி லிங்கில் வைத்தேன். ஆங்கிலத்தில் எழுதிய Neelam திறக்கிறது, தமிழில் எழுதிய செந்தூராவுக்கு 'தவறான ஆர்டர்' என்று வருகிறது, ஏன்?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: செந்தூராவில் உள்ள கொம்பு, புள்ளி, ஊகாரக் குறி, துணைக்கால் இவைதான் காரணம். இவை ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறை) 3 பைட், பேஸ்64-இல் 4 குறி, அந்த நாலில் ஒன்று + ஆகிவிடும், லிங்கில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் + குறியைப் பெரும்பாலான சர்வர்கள் இடைவெளி என்றே படிக்கும். Neelam வெறும் ஆங்கில எழுத்து, அதில் + வராது, தப்பித்தது. + வந்தால் -, / வந்தால் _ என்று மாற்றுங்கள், கடைசியில் = வந்தால் எடுத்துவிடலாம்; 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4648 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும் வழிதான். படிக்கும்போது மறக்காமல் திருப்பி மாற்றுங்கள். அப்புறம், பேஸ்64 பூட்டு இல்லை, யாரும் பிரித்துப் படிக்கலாம், வாடிக்கையாளரின் போன் நம்பரை அதில் வைக்கவே வைக்காதீர்கள்.