பீரோவில் வைத்துப் பூட்டிய கிரீம்

கேள்வி: எனக்கு வயது 52. தீட்டு நின்று மூன்று வருடம் ஆகிறது. ஒன்றரை வருடமாகக் கீழே வறண்டுபோய் எரிகிறது, ஸ்கூட்டியில் உட்கார்ந்தால்கூட உறுத்துகிறது. நீர்க்கடுப்பு என்று ஒரே வருடத்தில் மூன்று தடவை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டேன், ஆனால் யூரின் கல்ச்சரில் கிருமி இல்லை என்றே வந்தது. கணவருடன் சேரும்போது கத்தியால் கீறுவது போல வலி. மூட்டுவலி என்று சொல்லிவிட்டு ஹாலில் படுத்துக்கொள்கிறேன்; பிரசவத்துக்கு வந்த மகளும் குழந்தையும் வீட்டில் இருப்பது இப்போது இன்னொரு சாக்கு. டாக்டர் ஈஸ்ட்ரியால் கிரீம் எழுதிக்கொடுத்தார். அட்டைப்பெட்டிக்குள் இருந்த காகிதத்தைப் படித்தால் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டி என்று இருக்கிறது. பயந்துபோய் பீரோவில் வைத்துப் பூட்டி நான்கு மாதம் ஆகிறது. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்றும் தோன்றுகிறது. லேசர் செய்தால் சரியாகிவிடும் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். என்ன செய்யட்டும் டாக்டர்?

பதில்: கிரீம் போடலாம். மார்பகப் புற்றுநோய் வந்ததில்லை, தீட்டு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தமும் பட்டதில்லை என்றால் தாராளமாகப் போடலாம். இந்த இரண்டைப் பற்றியும் நீங்கள் எழுதவில்லை, அதனால்தான் 'என்றால்' போட்டிருக்கிறேன். இரண்டில் ஒன்று இருந்தாலும் ட்யூபைப் பிரிக்காமல் முதலில் உங்கள் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள், ஏன் என்று கீழே வருகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பெண்ணுறுப்பின் உட்சுவர் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை நம்பியே வாழ்கிற தோல். உங்கள் கிரீமில் இருக்கும் ஈஸ்ட்ரியாலும் ஒருவகை ஈஸ்ட்ரோஜன்தான். அந்த ஹார்மோன் இருக்கும்வரை அது பல அடுக்காகத் தடித்து, ஈரமாக, புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். விரிய வேண்டிய நேரத்தில் அந்த மடிப்புகள்தான் விரிந்து கொடுக்கின்றன, பிரசவத்தில் ஒரு குழந்தையின் தலையே வரும் அளவுக்கு. அந்த அடுக்குகளுக்குள் கிளைக்கோஜன் என்ற ஒருவகை மாவுச்சத்து சேர்ந்திருக்கும். அதை வைத்து லேக்டோபேசிலஸ் என்ற நல்ல கிருமிகள் பிழைக்கின்றன, தயிரை உறைய வைக்கும் கிருமிகளுக்குச் சொந்தக்காரர்கள்தான், இவையும் அந்த இடத்தைப் புளிப்பாக, பி.எச். என்ற அளவுகோலில் 4.5-க்குக் கீழே வைத்துக்கொள்கின்றன (அதில் எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல்). அந்தப் புளிப்பில் வேறு கெட்ட கிருமிகள் சுலபமாக அண்டாது. (இதைப் படித்துவிட்டு யாரும் தயிர்க் கிண்ணத்தோடு பாத்ரூமுக்குப் போய்விடாதீர்கள். போகிறவர்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன்.) தீட்டு நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. தோல் மெலிகிறது, கொசுவம் பிரிந்து வழவழவென்று தட்டையாகிறது, ரத்த ஓட்டம் குறைந்து வெளிறிப்போகிறது, மாவுச்சத்து இல்லாமல் நல்ல கிருமிகள் கிளம்பிவிடுகின்றன, பி.எச். 5-க்கு மேல் போய்விடுகிறது. கொஞ்சம் உராய்ந்தாலும் கீறல் விழும், சிலருக்குச் சேர்ந்த பிறகு லேசாக ரத்தமும் படும். நீங்கள் எழுதிய 'கத்தியால் கீறுவது போல' என்பது மிகையே இல்லை.

ஊரில் இதற்கு உடம்புச் சூடு என்று பெயர். இளநீர், வெந்தயத் தண்ணீர், எண்ணெய்க் குளியல் என்று ஒரு சுற்று முடித்துவிட்டுத்தான் பெரும்பாலானவர்கள் என்னிடம் வருகிறார்கள். இளநீர் குடியுங்கள், நல்லதுதான், ஆனால் மெலிந்த தோலை அது தடிக்க வைக்காது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட இன்னொரு ஆள் உங்கள் மகள். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடும், அது சினைப்பையைத் தூங்க வைக்கும், ஈஸ்ட்ரோஜன் இறங்கிவிடும். ஆக, 52 வயதில் உங்களுக்கு இருக்கும் அதே வறட்சி, அதே எரிச்சல், பக்கத்து அறையில் இருக்கும் உங்கள் மகளுக்கும் இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேருக்கும் ஒரே தொந்தரவு, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டீர்கள்! வித்தியாசம் என்னவென்றால் அவளுக்குப் பால் கொடுப்பது குறையக் குறையத் தானாகச் சரியாகும். உங்களுக்குத் தானாகச் சரியாகாது. உடம்பு குப்பென்று சூடாகி வியர்த்துக் கொட்டுவது பெரும்பாலும் சில வருடத்தில் அடங்கிவிடும், இந்த வறட்சி மட்டும் விட்டால் வருடாவருடம் கூடிக்கொண்டேதான் போகும். 'கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளலாம்' என்ற கணக்கு இங்கே செல்லாது.

அடுத்தது யூரின். சிறுநீர் வரும் குழாயும் பையின் வாய்ப்பகுதியும் ஈஸ்ட்ரோஜனை நம்பியே இருக்கும் திசுக்கள். அவையும் மெலிவதால் எரியும், அடிக்கடி போகத் தோன்றும், அடக்க முடியாது. கல்ச்சரில் கிருமி இல்லாமல் எரிந்தால் ஆன்டிபயாட்டிக்குக்கு அங்கே வேலையே இல்லை. சிலருக்கு நிஜமாகவே திரும்பத் திரும்பக் கிருமித் தொற்று வரும், புளிப்பு போனதால் வருவது அது, அவர்களுக்கும் இதே கிரீம்தான் தொற்று வருவதைக் குறைக்கிறது. யூரினும் இதில் சேர்ந்ததுதான் என்பதால், 2014-இல் அமெரிக்காவில் மெனோபாஸ் நிபுணர்கள் கூடி இந்தத் தொந்தரவின் பெயரையே மாற்றி, பிறப்புறுப்பையும் சிறுநீர்ப் பாதையையும் சேர்த்து ஒரே பெயராக வைத்தார்கள். தீட்டு நின்ற பெண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இது உண்டு. அதில் வாய்விட்டுச் சொல்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். என் ஓ.பி.யில் முதுகுவலிக்கு மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு, எழுந்து, கதவுப் பிடியில் கை வைத்த பிறகு திரும்பி, "அப்புறம் டாக்டர், இன்னொண்ணு..." என்று இழுப்பார்கள். அந்த இன்னொண்ணுக்காகத்தான் வந்தே இருப்பார்கள்.

இனி அந்தக் காகிதத்துக்கு வருவோம். 2002-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். சுமார் 16,600 பெண்கள், சராசரி வயது 63, அவர்களில் ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையைத் தினமும் வாய்வழியாகக் கொடுத்தார்கள்; மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டி எல்லாம் கொஞ்சம் கூடுதலாக வந்தது. அப்புறம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெயர் இருக்கும் எல்லாப் பொருளிலும் அதே எச்சரிக்கையை அச்சடித்துவிட்டார்கள், விழுங்குகிற மாத்திரைக்கும் அரை கிராம் கிரீமுக்கும் ஒரே காகிதம். அளவைப் பாருங்கள்: ஈஸ்ட்ரடயால் என்ற இன்னொரு வகை ஈஸ்ட்ரோஜனில், பெண்ணுறுப்புக்குள் வைக்கிற 10 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று உண்டு, முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு என்று ஒரு வருடம் முழுக்க வைத்தாலும் மொத்தம் 1.14 மில்லிகிராம்தான், வாய்வழி மாத்திரையில் அது ஏறக்குறைய ஒரே நாள் கணக்கு. உங்களுக்கு எழுதியிருக்கும் ஈஸ்ட்ரியால் அதைவிடவும் வலு குறைந்த வகை. முதல் சில நாள், தோல் மெல்லியதாக இருப்பதால், ரத்தத்தில் கொஞ்சம் கூடுதலாக ஏறும், தோல் தடித்ததும் அதுவும் குறைந்துவிடும். கர்ப்பப்பை இருந்தாலும் இந்தச் சின்ன அளவுக்குக் கூடவே அதன் உட்சவ்வைக் காக்கும் புரோஜெஸ்டின் மாத்திரை தேவையில்லை. பல வருடமாக மெனோபாஸ் டாக்டர்கள் இந்தக் காகிதத்தை மாற்றுங்கள் என்று சண்டை போட்டு, கடைசியில் 2025 நவம்பரில்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கறுப்புக் கட்டத்துக்குள் அச்சடிக்கும் அந்த எச்சரிக்கையை எடுக்கப்போவதாக அறிவித்தது. உங்கள் பீரோவில் இருக்கும் பெட்டிக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

போடும் விதம். ராத்திரி படுக்கப் போகும்போது போடுங்கள், போட்டுவிட்டு நடமாடினால் பாதி உள்ளாடையில்தான் இருக்கும். கூடவே வரும் பிளாஸ்டிக் குழாயை ட்யூபின் வாயில் திருகி, அழுத்தினால் கிரீம் ஏறும், குறி போட்டிருக்கும் இடம் வரை, அதாவது 0.5 கிராம், ஒரு பட்டாணி அளவு. கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் சரியாகும் என்பதெல்லாம் இல்லை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, குழாயை முதுகுப் பக்கம் சாய்த்தாற்போல மெதுவாக உள்ளே செலுத்தி அழுத்துங்கள். குழாய் வலித்தால் விட்டுவிடுங்கள், கையைக் கழுவிவிட்டு நகம் வெட்டிய விரலாலேயே போடலாம், வாசலைச் சுற்றிலும் கொஞ்சம் தடவுங்கள், அங்கேதான் பலருக்கு வலியே. இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும் என்று ஏதோ இரண்டு கிழமையை வைத்துக்கொண்டால் மறக்காது. முதல் நான்கைந்து நாள் கொஞ்சம் எரியலாம், மெலிந்த தோலில் எதைப் போட்டாலும் எரியத்தான் செய்யும். இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் தெரியும், முழுப் பலனுக்குப் பன்னிரண்டு வாரம் வரை ஆகும். நான் அடிக்கடி பார்க்கிற தப்பு இங்கேதான்: ஒரு மாதத்தில் சரியானதும் நிறுத்திவிடுவார்கள், அடுத்த சில மாதத்தில் பழைய கதை. மூக்குக் கண்ணாடியைப் போல இதுவும், போட்டிருக்கும்வரை வேலை செய்யும். வருடக்கணக்கில் போடலாம்.

கிரீம் வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை, சேரும் நேரத்துக்கு மெடிக்கலில் தண்ணீர் சார்ந்த லூப்ரிகன்ட் ஜெல் கேட்டு வாங்குங்கள், கேட்கக் கூச்சமாக இருந்தால் ஆன்லைனில் கிடைக்கிறது. மகளுக்கும் அது போதும். வாசனை, சூடு ஏற்றுவது, சிலுசிலுப்பு என்று எழுதியிருந்தால் வேண்டாம். ஈஸ்ட்ரியால் கிரீமையே அந்த நேரத்துக்கு வழவழப்புக்காகப் போடக் கூடாது, அது மருந்து. தேங்காய் எண்ணெயைக் கேட்காமல் யாரும் போவதில்லை: வெளிப்புறத் தோலுக்குத் தடவலாம், உள்ளே ஊற்றிக்கொள்ள வேண்டாம், ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் தொடவே வேண்டாம், எண்ணெய் பட்டால் ரப்பர் கிழியும். சோப்பு, டெட்டால் கலந்த தண்ணீர், வாசனையோடு வரும் இன்டிமேட் வாஷ் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வெறும் தண்ணீர், அதுவும் வெளியே மட்டும். சுத்தம் போதவில்லையோ என்று இன்னும் தேய்த்துக் கழுவுகிறவர்களுக்குத்தான் எரிச்சல் கூடுகிறது.

லேசருக்குச் செலவழிக்க வைத்திருக்கும் பணத்தை அப்படியே வைத்திருங்கள். 2018-இலேயே அதே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மாதிரி விளம்பரங்களை எச்சரித்தது, தீக்காயமும் தழும்பும் வந்த கதைகள் உண்டு. 2021-இல் வந்த ஓர் ஆய்வில் நிஜ லேசரும், மெஷினை வைத்து லேசர் மாதிரி நடித்ததும் ஒரு வருடம் கழித்து ஒரே பலன்தான் தந்தன.

இந்த வயதில் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். நம் நாட்டில் தீட்டு நிற்பது சராசரியாக 46, 47 வயதில். அதற்கப்புறம் இருபது முப்பது வருடம் ஸ்கூட்டியில் உட்கார வேண்டும், எரியாமல் யூரின் போக வேண்டும், கணவர் ஒருவர் இல்லாவிட்டாலும் இந்த வைத்தியம் தேவைதான். அவருடன் சேர்வது வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் இருவர் விஷயம், விருப்பமில்லை என்றால் அதிலும் தப்பில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் விருப்பமில்லை என்று எங்கேயும் இல்லை, வலிக்கிறது என்றுதான் இருக்கிறது. ஒன்றரை வருடமாக மூட்டுவலிக்குத் தைலம் வாங்கி வந்து கொடுத்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு இந்த வித்தியாசம் தெரிய வாய்ப்பே இல்லை. "அங்கே தோல் மெலிஞ்சிருக்காம், மருந்து போடறேன், மூணு மாசம் ஆகும்" என்று மூன்று வரி சொன்னால் போதும். அந்த மூன்று மாதம் வலிக்க வலிக்கச் சேர வேண்டாம், வலியை எதிர்பார்த்தே தசைகள் இறுக்கிக்கொள்ளப் பழகிவிடும், தோல் சரியான பிறகும் அந்த இறுக்கம் நின்றுவிட்டால் பிசியோதெரபி வரை போக வேண்டிவரும்.

முதலில் சொன்ன 'என்றால்'. தீட்டு நின்று ஒரு வருடம் கழித்து எப்போது ரத்தம் பட்டாலும், கறை அளவு என்றாலும், வறட்சியால் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உட்சவ்வு எவ்வளவு தடிமன் என்று பார்த்து, தேவைப்பட்டால் ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, இருந்தால் சீக்கிரம் பிடித்துவிடலாம். மார்பகப் புற்றுநோய்க்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வறட்சி இன்னும் மோசமாக இருக்கும், அவர்கள் முதலில் ஹார்மோன் இல்லாத மாய்ஸ்சரைசரை வாரம் இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்த்து, போதவில்லை என்றால் புற்றுநோய் டாக்டரைக் கேட்டுத்தான் இந்தக் கிரீமுக்கு வர வேண்டும். வெளியே தோல் வெள்ளை வெள்ளையாகி ராத்திரியில் தாங்க முடியாமல் அரித்தால் அது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற வேறு நோயாக இருக்கலாம், அதற்கு ஸ்டீராய்டு களிம்பு. கட்டித் தயிர் மாதிரி வெள்ளைப்படுதலும் அரிப்பும் இருந்தால் பூஞ்சை, சர்க்கரையையும் பாருங்கள்.

நான்கு மாதம் பூட்டி வைத்த ட்யூப் கெட்டிருக்குமா என்று அடுத்து யோசிப்பீர்கள். பிரிக்காத ட்யூப்தான், மடிப்பில் அச்சடித்த காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயில் காலத்தில் இரும்பு பீரோவுக்குள் அடுப்பு மாதிரி இருக்கும், அதனால் கொஞ்சம் பிதுக்கிப் பார்த்து, வெள்ளையாகக் கெட்டியாக வந்தால் போடுங்கள், நீர் பிரிந்து வந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.