மகள் ஹோட்டல் வடிவமைக்கப் போகிறேன் என்கிறாள்: ஒரு தந்தைக்குப் பதில்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் ஆர்க்கிடெக்சர் படிக்க வேண்டும் என்கிறாள், அதிலும் இயற்கையைக் கெடுக்காத தங்கும் விடுதிகளைத்தான் வடிவமைப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். உங்களுக்கு மூன்று கவலை. இது வெறும் அலங்கார வேலைதானே? படம் வரைய வந்தால் போதுமா? ‘பசுமைக் கட்டடம்’ என்ற பேச்சு நாலு வருடத்தில் ஓய்ந்துவிட்டால் அவள் கதி என்ன?

முதல் கவலையை இப்போதே இறக்கி வைத்துவிடலாம். நிலத்தில் கட்டடம் எங்கே நிற்க வேண்டும், ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகும், முன்பின் தெரியாத முந்நூறு பேர் ஒருவர் சத்தம் ஒருவர் காதில் விழாமல் எப்படித் தூங்குவார்கள் என்பதையெல்லாம் தீர்மானிப்பதுதான் இந்த வேலை. அலங்காரம் ரொம்பப் பின்னால் வருகிறது. பெரும்பாலும் அதைச் செய்பவரும் வேறு ஒருவர்.

ஹோட்டலை வீட்டிலிருந்து பிரித்துக் காட்டுவது ஒரு சின்ன விஷயம். வீட்டில் விளக்கு சுவிட்ச் தப்பான இடத்தில் இருந்தால் பத்து நாளில் கை பழகிவிடும். விருந்தினருக்கு அந்தப் பத்து நாள் கிடையாது. இரவு பதினொரு மணிக்குக் களைத்து வந்து இறங்குகிறார். படுத்தபடியே விளக்கை அணைக்க முடிகிறதா? ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கிறதா? பெட்டியைத் திறந்து வைக்க இடம் உண்டா? பக்கத்து அறைக் கழிவறையில் தண்ணீர் விடும் சத்தம் குழாய் வழியாகத் தலைமாட்டில் கேட்கிறதா? ஒரு அறையில் செய்த பிழை 150 அறைகளிலும் அப்படியே திரும்பும். அதனால்தான் பெரிய ஹோட்டல்களில் முதலில் ஒரே ஒரு மாதிரி அறையை முழு அளவில் கட்டி, அதில் படுத்தும் குளித்தும் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடங்குகிறார்கள். துப்புரவுத் தள்ளுவண்டி திரும்புகிறதா, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நின்று விரிப்பை மாற்ற முடிகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். வேலை செய்பவரின் முதுகு வலித்தால் அந்த ஹோட்டல் நன்றாக வடிவமைக்கப்படவில்லை என்பது என் கருத்து.

இயற்கையைக் காக்கும் விஷயமும் இதே அறையில்தான் இருக்கிறது. இதை உங்கள் மகள் சீக்கிரம் புரிந்துகொண்டால் நல்லது. ஹோட்டல் இரவு பகல் ஓடும் கட்டடம். வெந்நீர், குளிரூட்டல், துணி வெளுப்பு என்று மின்சாரமும் தண்ணீரும் போய்க்கொண்டே இருக்கும். சிக்கனம் என்று சொல்லி ஷவரில் நூல் மாதிரி தண்ணீர் விட்டால், விருந்தினர் இரண்டு மடங்கு நேரம் நிற்பார், மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும். குறைந்த தண்ணீரிலும் வேகம் குறையாத ஷவரைத் தேர்ந்தெடுப்பதுதான் வடிவமைப்பு. ஜன்னலைத் திறந்தால் ஏசி தானாக நிற்கும்படி செய்யலாம். ஏசி வெளியே தள்ளும் வெப்பத்தைப் பிடித்துக் குளிக்கும் நீரைச் சூடாக்கலாம். இவற்றுக்கெல்லாம் முந்தியது, வெப்பம் உள்ளே வராமல் தடுப்பது. வெயில் கடுமையான இடத்தில் மேற்குப் பக்கம் மாடிப்படியையும் லிஃப்டையும் கிடங்கையும் வைத்துவிட்டு, அறைகளை வடக்கும் தெற்கும் பார்க்க வைத்தால் பாதிச் சண்டை முடிந்தது. அதற்கு எந்த இயந்திரமும் வேண்டாம், காகிதத்தில் முதல் கோடு போடும்போதே யோசித்தால் போதும். விருந்தினரின் சுகத்தைக் குறைத்துத்தான் சிக்கனம் வரும் என்றால், அந்த வரைபடத்தை இன்னொரு முறை வரைய வேண்டும்.

இலங்கையில் தம்புள்ளைக்குப் பக்கத்தில் கண்டலம ஏரிக்கரையில் இலங்கை ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த ஹோட்டலின் படங்களை அவளோடு உட்கார்ந்து பாருங்கள். 1994இல் திறந்தது. முதலில் அவருக்குக் காட்டிய இடம் சிகிரியாக் குன்றின் அடிவாரம். அது வேண்டாம் என்று சொல்லி, ஏரிக்கு இந்தப் பக்கம், சிகிரியா தூரத்தில் தெரியும் பாறைச் சரிவைத் தேர்ந்தெடுத்தார். கட்டடம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம், ஆனால் தள்ளி நின்று பார்த்தால் காடுதான் கண்ணுக்குத் தெரியும். சரிவின் மேல் தூண்களில் நிற்பதால் மழைத் தண்ணீர் அடியில் ஓடி ஏரிக்குப் போகிறது. நடைபாதைகள் திறந்தே இருக்கின்றன, ஒரு பக்கம் பாறையை உரசிக்கொண்டு நடக்கலாம். முகப்பு முழுக்கக் கொடிகள். கட்டும்போது ஏரி கெட்டுவிடும் என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். இந்தத் தொழிலில் ஊர் மக்களின் கேள்விக்குப் பதில் சொல்வதும் வேலையின் ஒரு பகுதி.

இன்னொன்று, இந்தத் தொழிலுக்கு வர எந்த வயது சரி என்றும் கேட்டிருந்தீர்கள். பாவா முதலில் வழக்கறிஞர். லண்டனில் படித்து முடித்து ஆர்க்கிடெக்ட் ஆனது 1957இல், 38ஆவது வயதில். உங்கள் மகளுக்கு 18தான் ஆகிறது.

நகரத்தின் நடுவில் இது முடியுமா என்று கேட்பவர்களுக்கு சிங்கப்பூரில் வோஹா நிறுவனம் வடிவமைத்து 2013இல் பார்க்ராயல் ஆன் பிக்கரிங் என்ற பெயரில் திறந்த ஹோட்டல் இருக்கிறது, இப்போது அதன் பெயர் பார்க்ராயல் கலெக்ஷன் பிக்கரிங். அதில் தோட்டங்களின் மொத்தப் பரப்பு 15,000 சதுர மீட்டர். கட்டடம் நிற்கும் மனையைவிட அது அதிகம்.

சரி, மூன்றாவது கவலை. கட்டடங்களுக்குப் பசுமைச் சான்று தரும் முறை பிரிட்டனில் ‘பிரீயம்’ என்ற பெயரில் 1990இல் தொடங்கியது. பிறகு அமெரிக்காவில் ‘லீட்’ வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் நின்ற விஷயம் நாளைக்கே ஓய்ந்துவிடாது. ஹோட்டல் முதலாளிக்கு மாதாமாதம் மின்கட்டணம் வருகிற வரை இதற்குத் தேவை இருக்கும். இனி புதுக் கட்டடத்தைவிட, இருப்பதைத் திருத்தும் வேலைதான் கூடும் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் நியூ ஹேவனில் மார்செல் பிராயர் வடிவமைத்து 1970இல் முடிந்த ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தை, இடிக்காமல் ஹோட்டலாக மாற்றி 2022இல் திறந்தார்கள். ஹோட்டல் மார்செல் என்று பெயர், 165 அறை. அடுப்பிலிருந்து வெந்நீர் வரை எல்லாம் மின்சாரத்தில் ஓடுகிறது, கூரையிலும் வாகன நிறுத்தத்தின் மேலும் சூரியத் தகடுகள். இடித்திருந்தால் அத்தனை கான்கிரீட்டும் குப்பை, புதிதாக வார்க்க அவ்வளவு சிமென்ட். பழைய கட்டடத்தை மதிக்கக் கற்றவளுக்கு வேலை கிடைக்கும்.

சிரமங்களையும் மறைக்க மாட்டேன். பல நாடுகளில் படிப்பு ஐந்து ஆண்டு, அப்புறம் பயிற்சி, அதற்குப் பிறகே பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட். ஸ்டுடியோவில் இரவெல்லாம் விழித்து மாடல் செய்து கொண்டுபோனதை, மறுநாள் ஆசிரியர் ஐந்து நிமிடத்தில் வேண்டாம் என்பார். முதல் சில வருட வருமானம் மற்ற தொழில்படிப்புகளோடு ஒப்பிட்டால் குறைவு. 2020இல் பயணம் நின்றபோது உலகம் முழுக்கப் பல ஹோட்டல் திட்டங்களும் நின்றன. அதனால் முதல் நாளிலிருந்தே ஹோட்டல் மட்டும் என்று கதவைச் சாத்திக்கொள்ள வேண்டாம். வீடு, மருத்துவமனை, பள்ளி எதுவானாலும் கற்கட்டும். மருத்துவமனையில் நோயாளியின் தூக்கத்தைப் பற்றி யோசித்தவள் ஹோட்டல் அறையை நன்றாகவே செய்வாள்.

படம் வரைவது பற்றி: கை ஓடினால் நல்லது, ஓடாவிட்டால் பயிற்சியில் வந்துவிடும். ஆட்டோகேட், ரெவிட் போன்ற கட்டடம் வரையும் மென்பொருள்களையெல்லாம் கல்லூரியில் கற்றுக்கொள்ளலாம். இயற்பியலைப் பார்த்துப் பயப்படக் கூடாது, வெப்பமும் ஒலியும் காற்றோட்டமும் அதில்தான் இருக்கின்றன. கற்றுக்கொடுக்கக் கடினமானது கவனிக்கும் பழக்கம். அது அவளிடம் இருக்கிறதா என்று சேர்க்கைக்கு முன்பே பார்த்துவிடலாம்.

இதைச் செய்யச் சொல்லுங்கள். அவள் தூங்கும் அறையை டேப் வைத்து அளந்து, அளவு மாறாமல் வரையட்டும். காலை எட்டு, நண்பகல், மாலை நான்கு ஆகிய நேரங்களில் வெயில் எங்கே விழுகிறது என்று அதில் குறிக்கட்டும். இரவில் என்னென்ன சத்தம் கேட்கிறது, எந்த வழியாக வருகிறது என்று எழுதட்டும். கட்டிலை இடம் மாற்றி இரண்டு இரவு தூங்கிப் பார்த்து வித்தியாசத்தைச் சொல்லட்டும். கடைசியாக, அந்த அறையில் முன்பின் தெரியாத ஒரு முதியவர் ஒரே ஒரு இரவு தங்கப்போகிறார், கூடுதலாக ஒரு லிட்டர் தண்ணீரும் செலவாகக் கூடாது என்றால் எதையெல்லாம் மாற்றுவாள்?

ஒரு வாரம் கொடுங்கள். நீங்கள் நினைவூட்ட வேண்டாம். அவளாகவே செய்துகொண்டு வந்தால், கோடுகள் கோணலாக இருந்தாலும் அந்தக் காகிதத்தை எனக்கு அனுப்புங்கள். எந்தக் கல்லூரி என்ற பேச்சை அதற்குப் பிறகு மூன்று பேரும் சேர்ந்து தொடங்குவோம்.