பதில்: கடன் வாங்கிக் கழித்தலில் 52 – 27 = 35 என்று எழுதுகிறாள்

உங்கள் குழந்தை இந்த வாரப் பாடங்களில் மற்றதெல்லாம் சரியாகச் செய்கிறாள், கழித்தல் மட்டும் தப்பு, 52 – 27-க்கு 35 என்று எழுதுகிறாள் என்கிறீர்கள். இது கவனக்குறைவு இல்லைங்க. 2-இலிருந்து 7 போகாது என்பதால், திருப்பிப் போட்டு 7-இலிருந்து 2-ஐக் கழிக்கிறாள். இரண்டாம் வகுப்பில் அடிக்கடி பார்க்கிற தப்புதான்.

நோட்டை மூடிவிட்டுக் குச்சிகளை எடுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு 5 கட்டு, தனியாக 2 குச்சி. "7 குச்சி கொடு" என்று கேளுங்கள். கையில் இருப்பது 2தான். ஒரு கட்டை அவளே பிரிக்கட்டும். இப்போது 4 கட்டு, 12 குச்சி. 7 கொடுத்தால் 5 மிச்சம், 2 கட்டு கொடுத்தால் 2 கட்டு மிச்சம். விடை 25.

கட்டைப் பிரித்த கையோடு 5-ஐ அடித்து மேலே 4 எழுதச் சொல்லுங்கள். கடைசியில் எழுதலாம் என்று விட்டால் மறந்துபோய் மறுபடி 35 வரும்.

நாளுக்கு 5 கணக்கு போதும். நடுவே 58 – 23 மாதிரி கடன் தேவைப்படாததும் இருக்கட்டும், இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் கடன் வாங்க ஆரம்பித்துவிடுவாள். 60 – 24 போன்ற பூஜ்ஜியக் கணக்கைக் கடைசியாக வையுங்கள்; அங்கே 44 என்று எழுதினால் திரும்பக் குச்சிக்கே போங்கள்.